விதுஷா தேர்ந்தெடுத்த புல்லி

பதுளையில் முருகையா நடத்திய கராஜில் வேலை செய்த ஒரே பெண் விதுஷா. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவள். முருகையாவின் அக்கா மகள். கொழுந்து பறிக்கப் போகாமல் மோட்டார் வேலை படித்துவிட்டு மாமனிடம் சேர்ந்திருந்தாள்.

ஒரு நாள் ஷப்ராஸ் என்ற வியாபாரி தன் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து விட்டார். எஞ்சினில் ஓயாத கிறீச் சத்தம். புகையைச் சுத்தமாக்கக் காற்று அடிக்கும் பம்ப் பழுதாகியிருந்தது. புதியது எங்கும் கிடைக்கவில்லை. அதைக் கழற்றி எறியச் சொன்னார் முருகையா.

"மாமா, புகை டெஸ்ட்ல கார் பெயிலாயிரும். அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கழட்டுவோம்."

"அத அப்பப் பாத்துக்கலாம். நீ கழட்டு."

கழற்றினாள். பம்ப்போடு அதன் பெல்ட்டும் போனது. முன்பு எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்ப்பை இரண்டு பெல்ட்கள் சுற்றின, இப்போது ஒன்றுதான். வேகம் கூடினால் அது வழுக்கும், எஞ்சின் கொதிக்கும். பெல்ட் சுற்றும் சக்கரமாகப் பளபளப்பான அலுமினிய புல்லி ஒன்றைப் போட்டு அனுப்பிவிடலாம் என்றார் முருகையா. அதிலும் பெல்ட் ஓட ஒரே பள்ளம்தான். விதுஷா பழைய சாமான் கடைகளில் அலைந்து, மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கு இரண்டு பள்ளமுள்ள இரும்பு புல்லியைக் கண்டுபிடித்தாள். மறுபடியும் இரண்டு பெல்ட்கள் ஓடின. பண்டாரவளை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தபோது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறவில்லை. அன்று அவள் தன்னையறியாமல் சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

ஷப்ராஸ் மகிழ்ந்துபோய், யார் செய்த வேலை என்று கேட்டார். எல்லாம் தன் கைவேலை என்றார் முருகையா. விதுஷா பக்கத்தில்தான் நின்றாள். மாமன்தானே என்று விட்டுவிட்டாள்.

சில மாதங்களில் கார் புகைப் பரிசோதனையில் தோற்றது. ஷப்ராஸ் நேரே கராஜுக்கு வந்து, யாரைக் கேட்டு பம்ப்பைக் கழற்றினீர்கள் என்றார்.

முருகையா விதுஷாவைக் கைகாட்டினார். "இந்தப் புள்ளதாங்க. எங்கிட்டக்கூட கேக்கல. சொந்தக்காரப் புள்ளன்னு வச்சது என் தப்பு."

விதுஷா மாமனின் முகத்தையே பார்த்தாள். அவர் பார்வையை மாற்றிக்கொண்டார். அவள் கை கழுவிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

நடந்ததை வீட்டில் சொன்னபோது அம்மா ஜெயலெட்சுமி, "எதுக்கும் மாமாகிட்ட மன்னிப்புக் கேட்டுரு. அவன விட்டா நமக்கு யாரு இருக்கா?" என்றாள். மாமன் பேசியதைவிட அதுதான் சுட்டது.

விதுஷா இப்போது கொழும்புப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். மெஷின் நின்றுவிட்டால் பெண்கள் அதைத் தொடக்கூடாது. கோளாறு எங்கே என்று தெரிந்தாலும், கையைத் தூக்கிவிட்டு, மெக்கானிக் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.