வாளியில் உப்பு இல்லாத காலை

சென்ற வியாழக்கிழமை வேலை முடிந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது தவராசா அண்ணையின் மனைவி ராணி அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தங்கச்சி, அவர் போயிட்டார்" என்றார். இறங்க வேண்டிய தரிப்பிடம் கடந்து போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. அடுத்ததில் இறங்கி, மேட்டில் மெல்ல நடந்து வீட்டுக்கு வந்தேன்.

தவராசா அண்ணையை இந்த வுப்பர்டால் நகரில் உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கு அவர் வேலைத்தோழர். கட்டடங்களைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் ஆறு மாரிகாலம் சேர்ந்து வேலை செய்தோம். பனி உறைந்த நாட்களில், ஆட்கள் வேலைக்கு வெளிக்கிட முன்னம் நடைபாதையும் வாகனப் பாதையும் படிகளும் சறுக்காமல் இருக்க வேண்டும். எதை எங்கே போடுவது என்பதை அண்ணைதான் தீர்மானிப்பார். மரவேர்களைக் கெடுக்கும் என்று நடைபாதையில் உப்புப் போட நகரசபை விடாது, அங்கே சறுக்காமல் தூவுகிற பொடிக்கல். வாகனப் பாதையைச் சுரண்டித் துப்புரவாக்க வேண்டும். படிகளுக்கு மட்டும் கல்சியம் உப்பு. கடுங்குளிரிலும் அது பனிக்கட்டியைக் கரைக்கும். விலை கூடியது என்பதால் ஒரே ஒரு வாளிதான் வெளியே இருக்கும்.

அவர் இனிமையாகப் பேசுகிறவர் அல்லர். ஒருமுறை கீழ்மாடிக்காரர் ஒருவர், பொடிக்கல் சப்பாத்தில் ஒட்டிவந்து தன் மரத்தரையைக் கீறுகிறது, உப்பே போடுங்கள் என்று சண்டைக்கு வந்தார். அண்ணை வாசலில் நின்ற லிண்டன் மரத்தைக் காட்டி, ஜெர்மன் மொழியில் இரண்டே வசனம் சொல்லிவிட்டுத் திரும்பினார். என்னிடம், "தரைக்கு அந்தாள் கதைக்குது. மரத்துக்கு ஆர் கதைக்கிறது?" என்றார். மறுநாள் அந்த வீட்டு வாசலில் தடித்த கால்மிதி ஒன்றைப் போட்டவரும் அவர்தான்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். இரண்டு மாரிகளுக்கு முன், ஒரு பின்னேரம் வாகனப் பாதை கண்ணாடிபோல் இறுகிக் கிடந்தது. அண்ணை வேறு கட்டடத்தில் நின்றார். எனக்குத் தோள்மூட்டு நோவு. சுரண்ட ஏலாமல், படிக்கு வைத்திருந்த வாளி உப்பை முழுவதும் அதில் கொட்டினேன். வாளியை நிரப்பவும் இல்லை, அவரிடம் சொல்லவும் இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

விடியற்காலையில் மழை பெய்தது. விழுந்த இடத்திலேயே உறைகிற மழை. அண்ணை படிக்கு வந்து மூடியைத் திறந்தபோது வாளி வெறுமையாக இருந்தது. உப்பு மூட்டைகள் இருந்த அறை பூட்டிக் கிடந்தது, திறப்பு இன்னும் திறக்காத அலுவலகத்தில். கிடந்த பொடிக்கல்லை அள்ளிப் போட்டார். மழை அதற்கு மேலேயும் உறைந்தது. மூன்றாம் மாடியில் இருந்த தாதி ஒருவர் வேலைக்கு இறங்கியபோது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, படிக்கு ஏன் உப்பு இல்லை என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அண்ணை, "முதல்நாள் வாளியைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை" என்றார். அடுத்த மாதத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள். பிறகு ஒரு சலவைச்சாலையில், சூட்டிலும் நீராவியிலும் நின்று வேலை செய்தார்.

அன்று மேலாளரின் அறையிலிருந்து வெளியே வந்ததும், "அண்ணை, அது நான்தான்..." என்று தொடங்கினேன்.

"தெரியும். உங்கட விசா அன்ட்ராக் முடியேல்லை எல்லோ? வேலை போனா அதுவும் போகும். பேசாமல் இருங்கோ."

எட்டு மாதம் கழித்து அந்த அன்ட்ராக்குக்கு, என் விசா விண்ணப்பத்துக்கு, நல்ல பதில் வந்தது. அவரிடம் போய், "இனி நான் சொல்லட்டோ, அண்ணை?" என்று கேட்டேன்.

"இப்ப சொல்லி என்ன? எனக்குக் களைச்சுப் போச்சு, தங்கச்சி. விடுங்கோ."

விட்டேன். உண்மையைச் சொன்னால், விடச் சொன்னது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

இறுதிச் சடங்கு மண்டபத்தில் எனக்குப் பின்னால் இருந்த ஒருவர், "நல்ல மனுசன். ஆனா இவரின்ரை கவனக்குறைவாலைதான் ஒரு பொம்பிளை விழுந்தது" என்று மெதுவாகச் சொன்னார். நான் எழுந்து மறுக்கவில்லை.

நேற்று ராணி அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு அவர் சொல்லேல்லை" என்றார் அக்கா. பிறகு, "கவனமில்லாமல் வேலையைத் துலைச்சுப்போட்டு வந்து நிக்கிறியள் எண்டு நானும் அவரை ஏசினனான். ரெண்டு வருசமா ஏசினனான். ஒரு நாளும் வாய் திறக்கேல்லை" என்றார். நான் போக எழுந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கும்படி கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

தாதியின் வீட்டுக்கும் போகப் போகிறேன். அவர் இப்போதும் தடியூன்றித்தான் நடக்கிறார்.

அண்ணையை அறிந்த உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அண்ணையின் பெயரோடு நீங்கள் சேர்த்துச் சொல்லிவந்த அந்தத் தவறை இன்றோடு எடுத்துவிடுங்கள். அது என்னுடையது. அவர் விட்டுச்சென்றவற்றில் நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.