அத்தை இளமையான ஞாயிற்றுக்கிழமை

என் அத்தை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பதினைந்து வயது குறைந்தாள். அதற்குப் பெரிய சாமான் ஏதும் தேவைப்படவில்லை. தேயிலைச் செடியைக் கழிக்கிற, துருப்பிடித்து உடைந்த கவ்வாத்துக் கத்தி ஒன்று, தேயிலை அரைக்கும் ஸ்டோரில் கூட்டி வாரிய தூள் இரண்டு கை, தொரை பங்களாவில் கழித்துப்போட்ட திரைச்சீலை, ஓர் எலுமிச்சம்பழம். அவ்வளவு பாடுபட்டு அவள் செய்துகொண்ட அலங்காரத்தின் குட்டை மறுநாள் காலையில் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் போட்டு உடைத்தவள் நான்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. இலங்கையில் அப்புத்தளைக்குக் கீழே மூடுபனி விலகாத ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆட்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பரா அறையில் நானும் அத்தையும் இருந்தோம். அம்மாவும் அப்பாவும் வாந்திபேதி வந்த வருஷத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். அத்தை அப்பாவுக்கு அக்காள், புருஷனைப் பறிகொடுத்தவள். நாற்பது வயதுக்கு மேல் ஒன்றிரண்டுதான் இருக்கும். ஆனால் தலை மட்டும் அவளைக் கேட்காமல் முப்பதிலேயே நரைத்துவிட்டது.

அந்தச் சமயத்தில் தோட்டத்துக்குப் புதுத் தொரை ஒருவர் வந்து சேர்ந்தார். வந்த தொரைகள் எல்லாரும் எதையாவது மாற்றித்தான் தீருவார்கள். இவருக்குக் கிழவிகள் கண்ணில் பட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை கொழுந்து நிறுக்கும் இடத்தில் குதிரைமேல் இருந்தபடியே பிரம்பை நீட்டி, வெள்ளைத் தலையாகப் பார்த்து ஐந்து பேரைக் காட்டினார். திங்கட்கிழமையிலிருந்து அவர்கள் கொழுந்தெடுக்க வேண்டாம், தண்ணீர் வடியும் கானோரம் புல்லு வெட்டினால் போதும் என்று உத்தரவு. அந்த ஐந்தில் அத்தையும் ஒருத்தி.

அன்று விளக்கு வைத்ததும் கங்காணி எங்கள் காம்பரா வாசலுக்கு வந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

"நீ புல்லு வெட்டப் போயிட்டா இந்தக் காம்பராவுக்குக் கொழுந்தெடுக்க ஒரு ஆள் வேணும்ல. புள்ளைக்கும் ஒம்பது வயசாச்சு. திங்கக்கிழமை அவ பேரைப் பதிஞ்சிருவோம்."

"அவ பள்ளிக்கூடம் போறாளுங்க" என்றாள் அத்தை.

"போயி? கலெக்டர் வேலையா பாக்கப் போறா? எல்லாரும் இந்த மலைக்குள்ளதானே கெடக்கோம்."

எனக்கோ தலைகால் புரியவில்லை. தொரையின் புத்தகத்தில் என் பேர்! எனக்கென்று ஒரு சின்னக் கூடை! என் வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஏற்கெனவே கூடை கட்டிக்கொண்டு பெரிய மனுஷிகள் மாதிரி மலையேறிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் என்பது லயத்துக்குக் கீழே இருந்த தகரக் கொட்டகை. அங்கே பையன்களுக்கு நடுவே நான் ஒருத்திதான் பெண்பிள்ளை. வாத்தியாரின் பிரம்புக்கும் என் உள்ளங்கைக்கும் நல்ல பழக்கம். கூடையா பள்ளிக்கூடமா என்று என்னைக் கேட்டிருந்தால் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

கங்காணி போனதும் அத்தை கதவைச் சாத்தினாள். "நரைச்சதுதான் குத்தம்னா நரைக்காம இருந்துட்டுப் போறேன்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

இரும்புச் சட்டியில் தேயிலைச் சாயம் மிஞ்சிப்போனால் மறுநாள் மை மாதிரிக் கறுத்துக்கிடக்கும். அதைக் கழுவுகிறவளின் நகக்கண் இரண்டு நாளைக்கு வெளுக்காது. எங்கள் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த இந்தத் தொல்லையை அத்தை ஒருத்திதான் உபயோகமாக நினைத்துப் பார்த்தாள். தூளைக் கொதிக்கவைத்து, அதில் அந்தக் கவ்வாத்துக் கத்தியை இரண்டு ராத்திரி ஊறப்போட்டாள். ஞாயிற்றுக்கிழமை, காலையில் பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கிற பெரட்டு இல்லாத நாள். காலையிலேயே தலைக்கு அரப்புப் போட்டு முழுகி, கறுத்த குழம்பைத் துணியால் தொட்டுத் தொட்டு வகிடு வகிடாகப் பூசினாள். உடைந்த கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. நெற்றியிலும் காதிலும் வழிந்த கறையை எலுமிச்சம்பழ மூடியால் தேய்த்து எடுத்தாள். எரிச்சலில் கண் கலங்கியும் கையை நிறுத்தவில்லை.

பூசியது காய்வதற்குள் திரைச்சீலையை வெட்டினாள். பங்களா ஆயாவிடம் கெஞ்சி வாங்கி வந்தது. பச்சைத் துணியில் தட்டளவு மஞ்சள் பூ. ரவிக்கை தைத்து முடித்தபோது ஒரு முழுப் பூ நடுமுதுகில் வந்து உட்கார்ந்துவிட்டது. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளில் கொஞ்சம் கிழித்து மூக்குத்திபோல உருட்டி, புருஷன் போனபின் தூர்ந்துகிடந்த மூக்குத் துளையில் குத்தி ஏற்றினாள். முகத்துக்குப் பயத்தமாவும் மஞ்சளும். கடைசியில் கூடையைக் கட்டிக்கொண்டு காம்பராவுக்குள்ளேயே நிமிர்ந்து நிமிர்ந்து நடந்து பார்த்தாள்.

லயத்துக்குச் சொல்லவா வேண்டும்? அடுத்த காம்பரா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, மாப்பிள்ளை யாருங்க?" என்றாள்.

"தொரைதான். நாளைக்குக் காலையில பொண்ணு பாக்க வர்றாரு" என்றாள் அத்தை, சிரிக்காமல்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு வரவேண்டிய கூடையைப் பறித்துக்கொள்ளத்தான் இந்தக் கிழவி குமரி வேஷம் போடுகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குப் பொறாமை என்றே முடிவு கட்டினேன்.

திங்கட்கிழமை விடியும் முன்னே ஆட்களை எழுப்பும் தப்பு மேளச் சத்தம் கேட்டது. சோற்றுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு நானும் பெரட்டுக் களத்துக்குப் போனேன். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டார். புல்லு வெட்டும் கிழவிகள் வரிசையில் அத்தையின் பேர் வந்தது. "இருக்கேனுங்க" என்று நிமிர்ந்து நின்றாள்.

தொரை புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு கங்காணியை முறைத்தார். அத்தை நினைத்தே பார்க்காதது அப்போதுதான் நடந்தது. அவள் அளவுக்கு மீறி இளமையாகிவிட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தாம் பார்த்த கிழவி இவள் அல்ல என்று தொரைக்குப் பட்டுவிட்டது. வேறு தோட்டத்திலிருந்து ஓடிவந்த எவளையோ கங்காணி கிழவியின் பேரில் உள்ளே நுழைக்கிறான் என்று எண்ணிக்கொண்டார். ஒரு தோட்டத்தை விட்டு முறையாக விலகி வருகிறவர்களிடம் துண்டு என்று ஒரு சீட்டு இருக்கும். அது இல்லாத ஆளை வைத்துக்கொண்டால் தொரைக்கே தலைவலி.

"இந்தப் பொம்பளே யாரு? துண்டு எங்கே?" என்று கத்தினார்.

அதே ஆள்தான் என்று கங்காணி சத்தியம் செய்தார், கணக்கப்பிள்ளையும் தலையாட்டினார். தொரை இரண்டு பேரையும் நம்பவில்லை. சுற்றிப் பார்த்தவரின் பிரம்பு என்மேல் வந்து நின்றது. சின்னப் பிள்ளைக்குப் பொய் வராது என்று நினைத்தார் போலிருக்கிறது.

"நீ சொல்லு. யாரு?"

அத்தை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்றும் மறக்கவில்லை. அத்தை என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம்.

"எங்க அத்தைதானுங்க தொரை. கெழவிதானுங்க. தலையில தேயிலையும் துருவும் போட்டிருக்கு. என் பேரைப் பதிஞ்சுக்குங்க, நான் கொழுந்தெடுக்கிறேன்."

தொரை குதிரையை விட்டு இறங்கி வந்து அவள் தலையை உற்றுப் பார்த்தார். அழுவாள், அல்லது என்னை அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பாதித் தலையில் கிடந்த முக்காட்டை முழுதாகத் தள்ளிவிட்டு அவருக்கு நேரே நின்றாள்.

"தலைமுடியா கொழுந்தெடுக்குது தொரைங்களே? கைதானுங்க எடுக்குது. இங்க இருக்கிற கொமரியில யாரை வேணும்னாலும் காட்டுங்க. மத்தியான நிறுவையில என் கூடை கொறைஞ்சா நீங்களே பேரை வெட்டிருங்க."

தொரை சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு வாட்டசாட்டமான பெண்ணைப் பிரம்பால் காட்டிவிட்டுக் குதிரை ஏறினார்.

நான் பள்ளிக்கூடம் போகாமல் மலையடியிலேயே உட்கார்ந்திருந்தேன். என் கூடைக்காகக் காத்திருந்தேன் என்று சொல்வதுதான் நியாயம். மழை தூறியது. கறுப்பு வழிந்து அத்தையின் கழுத்தில் இறங்கி முதுகுப் பூவையும் கறையாக்கியது. அவள் துடைக்கவில்லை, நிமிரவில்லை, வெற்றிலைக்குக்கூட நிற்கவில்லை. இரண்டு கையும் செடிமேல் கோழி கொத்துவதுபோல ஓடிக்கொண்டே இருந்தன. மத்தியானம் தராசில் அவள் கூடை கீழே இறங்கி நின்றது. அந்தப் பெண்ணின் கூடையால் அதை எட்ட முடியவில்லை. தொரை, வரி வரியாகக் கறுத்திருந்த அந்த முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "சரி, போ, கொழுந்து எடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஓவென்று அழுதேன். அத்தை வந்து என் கன்னத்தைக் கையால் துடைத்தாள். "போதும்டி, நாளைக்கு நேரத்தோட பள்ளிக்கூடம் போகணும்" என்றாள். காட்டிக்கொடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் கையிலிருந்த கறுப்பு என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

மறுநாள் அந்தக் கறையோடுதான் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். வாத்தியார் தம் புத்தகத்தைத் திறந்து பேர் கூப்பிட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு "உள்ளேன் ஐயா" என்றேன். அந்தப் புத்தகத்தில் என் பேர் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் அத்தை தலையைக் கறுப்பாக்கிக்கொண்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தொரையின் புத்தகத்தில் என் பேரை வரவிடாமல் செய்துவிட்டாள் என்று மூன்று நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். அந்த மூன்று நாளும் என் சிலேட்டை அவள்தான் துடைத்துக் கொடுத்தாள்.