அந்துவான் வண்டிக்குக் கட்டிய காற்றாடி

ஞாயிற்றுக்கிழமை காலை கைப்பேசியில் அந்துவானின் பெயர் வந்தது. விடுமுறை நாளில் அவர் கூப்பிட்டால் ஏதோ ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டு மாட்டத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். எடுத்த எடுப்பிலேயே, “என்னய்யா, காலங்காத்தால எதக் கழட்டிப் போட்டுட்டு முழிக்கற?” என்றேன்.  கேட்டது அவருடைய மனைவி பிலோமினாவின் குரல். “அண்ணே, அவரு போயிட்டாருண்ணே. தூக்கத்துலயே போயிட்டாரு.” நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியதுதான் நினைவிருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வாளி செய்யும் ஆலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் அவரும் நானும் எதிரெதிர் மேசை. அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் தெருவில் இன்னமும் அவர் வீட்டைச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றுதான் சொல்வார்கள். அந்துவானுக்குத் தெரிந்த பிரெஞ்சு, நன்றி சொல்லும் ‘மெர்சி’ ஒன்றுதான். அதை லாரி டிரைவர், டீக்கடைக்காரர், முதலாளி என்று பாகுபாடில்லாமல் எல்லோருக்கும் வழங்குவார். எங்கள் அறை மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது என்று ஒருநாள் அதைக் கழற்றினார். சத்தம் நின்றது. விசிறியும் நின்றது. கோடை முழுக்க நாங்கள் வாளி மூடியால் விசிறிக்கொண்டோம். “முயற்சி பண்ணேன்ல?” என்பார், ஏதோ நாங்கள்தான் நன்றி கெட்டவர்கள் என்பதுபோல.

இதைப் படிக்கும் ஆலை நண்பர்கள் அவருடைய மோட்டார் சைக்கிளை மறந்திருக்க மாட்டார்கள். முன்னால் இரண்டு கம்ப்யூட்டர் விசிறியும் எண்ணெய் டின் தகரமுமாக, பார்ப்பவர்கள் எல்லோரும் ‘இது என்னா?’ என்று கேட்ட வண்டி. நீங்களும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். அது எதற்கு வந்தது என்பது பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பிலோமினாவுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிவிட்டது. கோரிமேட்டில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். தினமும் காலையில் அந்துவான்தான் வண்டியில் கொண்டுபோய் விடுவார். பிலோமினா ஏறி இறங்கத் தோதாகச் சீட்டைத் தாழ்த்தி, பக்கத்தில் ஒரு கைப்பிடியும் வைத்திருந்தார். ஆனால் அந்தப் பக்கத்துக் காலை நெரிசல் உங்களுக்குத் தெரியும். அங்கே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும் பஸ்கள் அடைத்துக்கொண்டு நிற்கும். ஓடினால்தான் அந்த வண்டி இன்ஜினுக்குக் காற்று. நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தால் சூடேறி அணைந்துவிடும். சூட்டில் அணைந்த வண்டியைச் சாமானியத்தில் கிளப்ப முடியாது. ஸ்டாண்டு போட்டு உதைக்க வேண்டும். அதற்குப் பிலோமினா இறங்க வேண்டும். பஸ்களுக்கு நடுவில், ஊன்றுகோலோடு, தார் ரோட்டில்.

ஒருநாள் அப்படி நின்றபோது பின்னால் இருந்தவன் ஒருவன், “நடக்க முடியாததையெல்லாம் ஏத்திக்கிட்டு ஏன்யா ரோட்டுக்கு வர்றீங்க?” என்று கத்தியிருக்கிறான். பிலோமினா சிரித்துவிட்டாராம். அந்துவானுக்குச் சிரிப்பு வரவில்லை.  ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை மூடிவிட்டு என்னிடம் சொன்னார்: “சேகரு, இனிமே அவ நடுரோட்டுல எறங்கக் கூடாதுய்யா.”

“வேற வண்டி வாங்குய்யா, பட்டனத் தட்டுனா கெளம்பற வண்டியெல்லாம் வந்துடுச்சு” என்றேன். “இந்த வண்டி என்னா தப்பு பண்ணுச்சு? நிக்கற வண்டிக்குக் காத்து இல்ல. அத நாம குடுக்கணும்” என்றார். இப்படி ஒரு ஆளோடு என்ன பேசுவது?

அலுவலகத்தில் தூக்கிப்போட்ட கம்ப்யூட்டர்களிலிருந்து இரண்டு விசிறிகளைக் கேட்டு வாங்கினார். அவை வண்டி பேட்டரியிலேயே சுற்றின. காற்று சிதறாமல் இன்ஜினுக்குப் போக ஒரு கூடு வேண்டும். வாளி ஆலைக்காரர்களுக்கு வாளியைத் தவிர வேறென்ன தோன்றும்? கழிவில் கிடந்த பச்சை வாளி ஒன்றை அறுத்துக் கூடு செய்தோம். ஆலை வாசலில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது கூடு உருகி, இன்ஜின் மேல் பச்சையாக வழிந்து அப்பிக்கொண்டது. வாட்ச்மேன் தண்ணீரோடு ஓடி வந்தார். அந்துவான் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, “விசிறி சுத்துது பாத்தியா?” என்றார். எனக்கு வந்த கோபத்தில் சிரித்துவிட்டேன்.

அடுத்து எண்ணெய் டின் தகரத்தில் செய்தார். நேர் முன்னால் வைத்தால் சக்கரம் இடித்தது. அதனால் வலப்பக்கக் கம்பியில் சாய்த்துக் கட்டினார். காற்று இன்ஜினைத் தடவி இடப்பக்கமாகப் பின்னால் போய்விடும். ஹேண்டில் பக்கத்தில் விசிறிகளைப் போட ஒரு லைட் சுவிட்சு. சோதனைக்கு நான் பின்னால் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன். வேண்டுமென்றே நெரிசலில் போய் நின்றோம். வண்டி அணையவே இல்லை. முன்னால் இருந்த பஸ் கண்டக்டருக்கு அந்துவான் ஒரு மெர்சி சொன்னார். அந்த ஆள் எதற்கென்று தெரியாமல் இவருக்குக் கும்பிடு போட்டார்.

மறுநாளிலிருந்து பிலோமினா ரோட்டில் இறங்கவில்லை. நெரிசலில் நிற்கும்போதெல்லாம் அந்துவான் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாராம். மழைக்காலம் போனது, வெயில் வந்தது. பிலோமினா காலைச் சுற்றி ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார். தூசிக்கு என்று அவர் சொன்னதை அந்துவான் நம்பினார்.

பிறகு ஆலையில் வாளி அடுக்கு ஒன்று சரிந்து அந்துவானின் பாதத்தில் விழுந்தது. கட்டு மாற்ற அவரை அவர் வண்டியிலேயே நான் கோரிமேட்டுக்கு அழைத்துப் போனேன். கட்டுப் போட்ட காலைத் தூக்கிப் போட முடியாமல் அவர் ஒருபக்கமாக, பெண்கள் உட்காருவதுபோல, இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்தார். நெரிசலில் நின்றதும் நான் சுவிட்சைத் தட்டினேன். “யோவ் நிறுத்து, நிறுத்துய்யா, கால் வேவுது!” என்று அலறினார். இன்ஜின் சூடு முழுவதையும் அந்த விசிறிகள் அள்ளிக்கொண்டு போய் அவர் காலில் கொட்டிக்கொண்டிருந்தன.

நான் சுவிட்சை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் வண்டியும் அணைந்தது. அந்துவான் இறங்கி, கட்டுப் போட்ட காலோடு பஸ்களுக்கு நடுவில் நின்றார். “நீயும் நானும் காலப் பரப்பிக்கிட்டு ஒக்காந்து பாத்தோம். அவ எப்படி ஒக்காருவான்னு யோசிக்கவே இல்ல பாருய்யா” என்றார். ஆஸ்பத்திரி வேண்டாம், மருந்துக் கடைக்குப் போ என்றார்.

கடை வாசலில் பிலோமினாவைக் கூப்பிட்டு, “ஏன் பிலோ சொல்லல?” என்று கேட்டார். பிலோமினா என்னையும் அவரையும் பார்த்தார். “வண்டி அணையாம இருந்தா நீங்க திரும்பிச் சிரிப்பீங்க. அதக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்.”

“கெடுத்திருக்கணும் நீ” என்றார் அந்துவான்.  கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியில் ஏதோ சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

கால் ஆறியதும், சூட்டுக்காற்று கீழே தரைப்பக்கம் இறங்குவதுபோல் இன்னொரு தகரத்தை வளைத்துக் கட்டினார். இந்த முறை சோதனைக்கு அவரே உட்கார்ந்தார், ஒருபக்கமாக. மேட்டுப்பாளையம் ரோட்டில் நான் ஓட்ட, புதுப்பெண்போல அவர் பின்னால் உட்கார்ந்துவர, லாரிக்காரர்கள் விசிலடித்தார்கள். எனக்கு மானம் போனது. அவர் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். சூடு படவில்லை என்று உறுதியான பிறகுதான் மறுபடி பிலோமினாவை ஏற்றினார்.

இப்போது எதிர் மேசையில் வேறொருவர் உட்காருகிறார். நல்ல மனிதர், எதையும் கழற்றுவதில்லை. எங்கள் அறையில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில், ‘யோவ் சேகரு, ஒரு யோசனை’ என்ற குரல் வராதா என்று ஏங்குகிறேன். வந்தால் இந்த முறை எதிர்த்துப் பேசாமல் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். அது பொய். எதிர்த்துத்தான் பேசியிருப்பேன். அந்தச் சண்டைதான் எனக்கு வேண்டும்.

சர்ச்சில் முப்பதாம் நாள் பூசை முடிந்து பிலோமினா வேலைக்குத் திரும்பினார். ஆட்டோவில் போகலாம் என்றேன். “அவரு வண்டியிலயே போலாம்ணே. எனக்கு அந்தச் சீட்டுதான் ஒத்துவரும்” என்றார். நான் ஓட்டினேன். கோரிமேட்டுக்கு முன்னால் வழக்கம்போல் பஸ்கள் அடைத்துக்கொண்டன. நின்றோம். சுவிட்சைத் தட்டினேன். விசிறிகள் சுற்றின. திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரியும். என்னால் திரும்ப முடியவில்லை. கண்ணீர் மறைத்தது. முன்னால் பஸ் நகர்ந்தது கூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் ஹாரன்கள் அலறின. வண்டி அணைந்துவிட்டது என்று நினைத்துப் பிலோமினா கைப்பிடியைப் பிடித்து, ஊன்றுகோலைத் தரையில் வைத்தார்.

“எறங்காதம்மா,” என்றேன். “வண்டி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.”

ஊன்றுகோல் மேலே போனது. என் தோளில் ஒரு கை வந்து பிடித்துக்கொண்டது. கியரைப் போட்டேன்.

அந்துவானை அறிந்தவர்கள் என்னைப் பார்க்கும்போது, அவர் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். காலையில் அரைமணி நேரம் சீக்கிரம் கிளம்புகிறேன். பிலோமினாவை மருந்துக் கடை வாசலில் இறக்கிவிடுகிறேன். அதற்கு முன்னால் எங்கும் இறக்குவதில்லை.