சோப்பால் எழுதிய வரிசை

திருச்செல்வத்தின் வலது கை நடுவிரல் இப்போது மடங்குவதில்லை. அதை உடைத்தவன் முகுந்தன். முகுந்தனின் முன்பற்கள் இரண்டைக் கழற்றியவர் திருச்செல்வம். அதுவரை இருவரும் ஒரே கடையில் தேநீர் குடித்த லோரி ஓட்டுநர்கள்.

திருச்செல்வத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ஜெஞ்சாரோமில் கீரை ஏற்றி, பிரிக்பீல்ட்ஸில், எல்லோரும் தவுக்கே என்று அழைக்கும் ஒரு சீன முதலாளியின் காய்கறிக் கடையில் இறக்குவது அவர் பிழைப்பு. முப்பத்தோரு வருட ஓட்டத்தில் யார் மேலும் கை வைத்தவரில்லை.

டீசல் ஒரேயடியாக நின்றுவிடவில்லை. கிள்ளானில் அவர் டீசல் போடும் நிலையத்துக்குத் தினமும் வந்த டேங்கர், வாரத்துக்கு மூன்று முறை வந்தது. பிறகு இரண்டு முறை. வரிசையில் இடையே புகுந்த ஒருவருக்கு விழுந்த அடியில் ஒரு கண் போனது. அதற்குப் பிறகு திருச்செல்வம்தான் ஒரு வழி சொன்னார். வந்த முறைப்படி லோரிகளின் முன்கண்ணாடியில் சோப்பால் எண் எழுதிவிடுவது. ஓட்டுநர்கள் கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவதால், கண்ணாடியின் வெளிப்பக்கம் எழுதினார். நான்கு வாரம் அடிதடி இல்லை. அந்த நான்கு வாரமும் மழை இல்லை.

ஐந்தாவது வார வியாழக்கிழமை, லோரியில் கங்கோங் கீரை நிறைந்திருந்தது. இன்றும் தாமதமானால் நாளையிலிருந்து வேறு ஆள், மின்சார வேன் தயாராக இருக்கிறது என்று தவுக்கே காலையிலேயே சொல்லியிருந்தார். மதியம் மூன்று மணிக்கு மழை கொட்டியது. மழையோடு டேங்கரும் வந்தது. பன்னிரண்டு லோரிக்குத்தான் டீசல் என்றார் நிலைய நிர்வாகி. ஓட்டுநர்கள் ஓடி வந்து பார்த்தபோது முப்பது லோரிகளின் கண்ணாடியும் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

"நான் பதினொண்ணு," என்றார் திருச்செல்வம். அது உண்மை.

முகுந்தன் சிரித்தான். "எங்க நம்பரெல்லாம் தண்ணியில போச்சு, ஒங்க நம்பர் மட்டும் மண்டையில பத்திரமா இருக்கா? நல்லா இருக்குண்ணே ஒங்க கணக்கு."

"நீ இருவதுக்கு மேல வந்தவன் தம்பி."

"யாரு சொன்னா? நான் பத்துலா. வேணும்னா கண்ணாடிய நக்கிப் பாருங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திருச்செல்வம் லோரியை பம்ப் அருகே கொண்டுபோய் நிறுத்தி, டீசல் குழாயை எடுத்தார். முகுந்தன் தன் லோரியின் ஸ்டியரிங்கைப் பூட்டும் இரும்புத் தடியை ஓங்கி, குழாய் பிடித்த அந்தக் கையிலேயே இறக்கினான். விரல் முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. குழாயை இடது கைக்கு மாற்றி, அதன் இரும்பு மூக்கால் அவன் வாயில் அடித்தார். ஒரு முறை அல்ல, மூன்று முறை. அவன் விழுந்த பிறகும் வயிற்றில் மிதித்தார். குழாயிலிருந்து டீசல் கொட்டியது. சண்டையை விலக்க யாரும் வரவில்லை. போத்தலோடு வந்து, இரத்தமும் மழைநீரும் கலந்த டீசலை அள்ளினார்கள். அள்ளுகிற இடத்துக்காக அவர்களுக்குள்ளும் உதை விழுந்தது. நிர்வாகி பம்பை நிறுத்தினார். போலீஸ் வந்து நிலையத்தை மூடியது. யாருக்கும் டீசல் இல்லை. கீரை லோரியிலேயே அழுகியது.

எண்ணெய் குறைந்தால் ஊர் தாங்குமா என்று பலர் கேட்கிறார்கள். ஊர் தாங்கிக்கொள்ளும். தவுக்கேயின் கடை மின்சார வேனுக்கு ஒரே நாளில் பழகிவிட்டது. பழக நேரம் கிடைக்காதது திருச்செல்வத்துக்குத்தான்.

திங்கட்கிழமை அவர் கைக்கட்டோடு கொம்யூட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார். கடை வாசலில் மின்சார வேன் நின்றது. ஓட்டி வந்த மலர் என்ற பெண் கீரைக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். திருச்செல்வம் வேனின் கதவை உதைத்தார்.

மலர் கூடையைக் கீழே வைத்தாள். "அங்கிள், வேன் என்னோடது இல்ல. இத ஒடச்சா நாளைக்கு வேற வேன் வரும்லா."

அவருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் மறுபடி உதைத்தார். கதவு உள்ளே நசுங்கியது. தவுக்கே வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு, மலர் கீழே வைத்த கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.