அக்கா கையில் ஒட்டிய வில்லை

சர்க்கரை எனக்குத்தான் முதலில் வந்தது. அக்காவுக்கு வந்ததெல்லாம் நாலைந்து வருஷம் கழித்து. ஆனால் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் சர்க்கரைக்காரி என்றால் அவள்தான். காரணம், அவள் மேல்கையில் ஒட்டியிருக்கும் வெள்ளை வில்லை. துபாயில் இருக்கும் அவள் மகன் வாங்கிக் கொடுத்தது. உடம்பில் சர்க்கரை எவ்வளவு என்று அது அவள் போனுக்குச் சொல்லும். அந்தப் போன் அவனுக்குச் சொல்லும். கொஞ்சம் ஏறினாலும் அங்கிருந்து கூப்பிட்டுவிடுவான்.

"இப்பதான்ட்டி ரெண்டு பழம் தின்னேன், அதுக்குள்ள கூப்பிட்டு ஏசுதான்" என்று பக்கத்து வீட்டிலிருந்து வந்து என்னிடம் அலுத்துக்கொள்வாள். அலுப்பா அது? முகமெல்லாம் பல். எனக்கு வயிறு எரியும். என் மகன் பெங்களூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்பான். என்ன சாப்பிட்டேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை அக்கா எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். உடம்பெல்லாம் நல்லெண்ணெய் பூசி, ஊறவைத்து, சீயக்காய் போட்டுத் தேய்த்தால்தான் அவளுக்குக் குளித்த மாதிரி. வில்லைக்காக அதை விடுவாளா? பசை இளகி, தேய்த்த தேய்ப்பில் வில்லை கையோடு வந்துவிட்டது. என்னை அலறிக் கூப்பிட்டாள். நான் போய் நின்றதும் அவள் மகன் என் போனில் வந்தான்.

"சித்தி, அம்மைக்கு அளவே வரமாட்டேங்கு. போனையும் எடுக்க மாட்டேங்கா."

"நீயே பேசுட்டி, என்னைய ஏசுவான்" என்று அக்கா கையை ஆட்டினாள். நடந்ததைச் சொன்னேன். சர்க்கரை பார்க்கும் என் மிஷினில் குத்திப் பார்த்துச் சொல்லச் சொன்னான்.

வீட்டிலிருந்து எடுத்துவந்து அவள் விரலில் குத்தினேன். நூற்று முப்பது. நிம்மதியாகத் தலை காயவைக்க மாடிக்குப் போனாள். அப்படியே எனக்கும் குத்திப் பார்த்தேன். இருநூற்று எண்பது.

அவனைக் கூப்பிட்டேன்.

"எவ்வளவு சித்தி?"

"இருநூத்தி எம்பது" என்றேன்.

பதறிவிட்டான். "ஐயோ! காலைல என்ன தின்னா? தண்ணி நல்லாக் குடிக்கச் சொல்லுங்க. பைய முத்தத்துல நடக்கச் சொல்லுங்க. திரும்பக் கூப்பிடுதேன், தனியா விட்டுறாதீங்க."

"சரிய்யா" என்றேன்.

ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தேன். பிறகு, அவன் சொன்னபடியே, முற்றத்தில் பைய நடக்க ஆரம்பித்தேன்.