சிவந்து போன திங்கட்கிழமை

சிவகாசியில் பட்டாசுக்கு மறு தீபாவளி உண்டு. காலண்டருக்கு மறு ஜனவரி கிடையாது. விற்காத பட்டாசைப் பத்திரப்படுத்தி அடுத்த ஆண்டு விற்றுவிடலாம். புத்தாண்டு பிறந்த பிறகு வந்து சேரும் காலண்டரோ, எத்தனை அழகிய லட்சுமி படத்தைத் தாங்கியிருந்தாலும், எடைக்குப் போடவேண்டிய காகிதக் கட்டுதான். ஏழாம் வகுப்பு மாணவியாக இருந்தபோது எங்கள் குடும்பத்து அச்சகத்தில் நான் நேரில் கண்ட உண்மை இது.

அந்தச் சீசன் சூடு பிடித்த வேளையில் அப்பா ஆனைக்குட்டம் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டுக் கட்டிலில் கிடந்தார். அச்சகம் அம்மாவின் கைக்கு வந்தது. ஆனால் அச்சகத்தின் கைப்பேசி அப்பாவிடமே இருந்தது. ஆகவே அதிகாரம் கட்டிலிலும் பொறுப்பு அச்சகத்திலுமாகச் சில வாரங்கள் நிர்வாகம் நடைபெற்றது.

விருதுநகர் ஜவுளிக்கடை ஒன்றின் தினசரி காலண்டர் ஆர்டரை அம்மா தாமே பேசி வாங்கியிருந்தார். அந்தச் சீசனில் அதுவே எங்களுக்குப் பெரிய ஆர்டர். டிசம்பர் கடைசி வாரம் தொடங்குமுன் லோடு போய் இறங்க வேண்டும். தவறினால் அந்தக் கடை அடுத்த ஆண்டு வேறு கம்பெனியைத் தேடிப் போகும். அப்பா கால் ஊன்றி எழும்போது இயந்திரங்களுக்கு வேலை இருக்காது. இதை அம்மா யாரிடமும் விளக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கணினியில் பக்கம் அமைப்பதும் பிழை திருத்துவதும் அப்பாவின் தம்பியான சித்தப்பாவின் வேலை. அவருடைய முறை தனித்துவமானது. பக்கங்களைச் சிக்கனமாகக் கறுப்பு மையில் மட்டும் எடுத்து என்னிடம் தருவார். மாவட்ட அளவில் பேச்சுப்போட்டிகளில் பரிசு பெற்றிருந்த நான், தேதியையும் கிழமையையும் நல்ல நேரத்தையும் மேடைக் குரலில் முழங்குவேன். அவர் பஞ்சாங்கத்தை விரித்து, விரலால் வரி தொடர்ந்து ஒப்பிடுவார். இராகு காலத்தை என்னைப் போல் உணர்ச்சியோடு வாசித்தவர் இந்த வட்டாரத்தில் இருந்திருக்க முடியாது.

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல் காலண்டர் அச்சாகி, அடுக்கித் தைக்கப்பட்டு, தலையில் தகரப் பட்டையும் ஏறிவிட்டது. கட்டுக் கட்டாக லோடுக்குக் காத்திருந்தபோது, பொழுது போகாத அப்பா ஒரு பிரதியைக் கட்டிலில் புரட்டியிருக்கிறார். அம்மாவின் கைப்பேசி அலறியது. மேசை மேல் வைத்து ஸ்பீக்கரை அழுத்தினார் அம்மா. அப்பா சித்தப்பாவைத்தான் கேட்டார்.

"ஏலே, ஜூன் மாசத்துல திங்கக்கெழமைக்கு யாருலே ஒனக்கு லீவு குடுத்தா?"

பைண்டிங் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் அனைவர் காதிலும் அது விழுந்தது. சித்தப்பா பாய்ந்து ஒரு காலண்டரைப் புரட்டினார். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் பிரதி எடுத்து எழுத்துகளை மாற்றியவர், நிறத்தை மாற்ற மறந்திருந்தார். அரசு விடுமுறை எதுவுமில்லாத ஒரு திங்கட்கிழமை, எல்லாப் பிரதியிலும் இரத்தச் சிவப்பில் சிரித்தது.

"பாப்பா நல்லாத்தான் வாசிச்சா," என்றார் பெண்களில் மூத்தவரான ஓர் அத்தை. "செவப்பு காதுல விழலையே, என்ன செய்ய?"

சிரிப்பு எழுந்தது. சித்தப்பா சிரிக்கவில்லை. கைப்பேசியிலிருந்து அப்பா மேலும் சில வினாக்களைத் தொடுத்தார். அவற்றுள் சித்தப்பாவின் கண்களைப் பற்றியவை இரண்டு, மூளையைப் பற்றியது ஒன்று. ஆணியில் தொங்கிய பைக் சாவியை எடுத்துக்கொண்டு சித்தப்பா வாசலுக்கு நடந்தார்.

"மதினி, நாளையிலருந்து வேற ஆளப் பாத்துக்கோங்க."

இத்தகைய தருணத்தில் ஒரு தலைவர் எப்படி உரையாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த மாதம்தான் 'தலைமைப் பண்பு' என்ற தலைப்பில் கோப்பை வென்றிருந்தேன். அம்மாவோ கைப்பேசியை அணைத்துவிட்டு, அன்றாட விசாரிப்பைப் போலவே கேட்டார்.

"தம்பி, அந்த ஒத்தத் தாள மட்டும் கறுப்புல அடிக்க எம்புட்டு நேரமாகும்?"

வாசற்படியில் நின்ற சித்தப்பா திரும்பாமலே பதில் சொன்னார். "பிளேட்டு போட்டா சாயங்காலத்துக்குள்ள அடிச்சிறலாம்."

"அப்ப பிளேட்டப் போடுங்க. மத்தத அப்புறம் பேசுவோம்."

சாவி மீண்டும் ஆணிக்குப் போனது.

உரைக்கான இடம் வெற்றிடமாகக் கிடப்பதைக் கண்டு எனக்குப் பொறுக்கவில்லை. காகிதக் கட்டு ஒன்றின் மீது ஏறி நின்று, வீழ்வது இயற்கை, எழுவதே பெருமை என்று தொடங்கினேன். அதே அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏ பாப்பா, நீ நிக்கிற கட்டுதான் இப்ப வேணும். எறங்குத்தா."

அம்மா ஜவுளிக்கடை முதலாளியை அழைத்து, பிழையையும் திருத்தப்போகும் விதத்தையும் மறைக்காமல் சொன்னார். மறுமுனையின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"புரூஃப யாரும்மா பாத்தது?"

"நாந்தான் பாத்தேன் அண்ணாச்சி. தப்பு என்னோடது. சொன்ன தேதிக்குச் சரக்கு வந்துரும்."

சித்தப்பாவின் கை இயந்திரத்தின் மேல் அப்படியே நின்றது. நான் அதிர்ந்தேன். வாய்மையே வெல்லும் என்று மேடைதோறும் முழங்கியவள் நான். முதலாளி ஏதோ முணுமுணுத்து வைத்தவுடன் அம்மாவின் முன் போய் நின்றேன்.

"நீங்க பாக்கவே இல்லையேம்மா. அது பொய்தானே?"

"பசை காய்ச்சியாச்சான்னு போய்ப் பாரு," என்றார் அம்மா.

சிவப்புத் தாளைக் கிழித்து, மிஞ்சிய விளிம்பில் பசை தடவி, கறுப்புத் தாளை ஒட்ட வேண்டும். கேட்க எளிது. ஆனால் வெளியே மார்கழிக்கு முந்திய மழை. முதலில் ஒட்டிய கட்டுகளை மறுநாள் காலை பிரித்தால், திங்களோடு செவ்வாயும் சேர்ந்து வந்தது. ஈரத்தில் இரண்டும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகியிருந்தன. அப்பா வீட்டிலிருந்து, மொத்தத்தையும் மறுபடி அடிக்கும்படி கட்டளையிட்டார். அதற்குக் காகிதமும் இல்லை, நாளும் இல்லை.

அம்மா வேலையை நிறுத்தச் சொல்லி எல்லோருக்கும் தேநீர் வரவழைத்தார். தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நான் கருதினேன். டம்ளரை வைத்துவிட்டு சித்தப்பாதான் பேசினார்.

"மதினி, பசையக் கெட்டியாக்கிக் கொஞ்சமாத் தடவுவோம். ஒட்டுன தாளுக்கு முன்னாலயும் பின்னாலயும் மெழுகுத்தாள் துண்டு வைப்போம். காஞ்சதும் உருவிறலாம்."

"செஞ்சு பாருங்க," என்றார் அம்மா.

செய்து பார்த்தார், செவ்வாய் தப்பியது. அதன்பின் மின்விசிறி உள்ள இடமெல்லாம் காலண்டர் காய்ந்தது. அச்சகம் நிறைந்து, வீட்டுக் கூடம் நிறைந்து, கடைசியில் மாவுக்கட்டுக் காலைச் சுற்றிக் கட்டில் மேலும் பரப்பினோம். சரக்கின் நடுவே அசையக்கூடாத நிலையில் இருந்த அப்பா, ஒன்றை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு அச்சகத்திலிருந்த அம்மாவைக் கைப்பேசியில் அழைத்தார்.

"நல்லாத்தான் ஒட்டிருக்குன்னு அவன்ட்ட சொல்லு."

"இந்தா பக்கத்துலதான் நிக்காரு. நீங்களே சொல்லுங்க."

கைப்பேசி கை மாறியது. அப்பா இருமினார். மழையைப் பற்றி விசாரித்தார். காய்ந்ததை எடுக்க யாராவது வரவேண்டும் என்றார். சித்தப்பா எல்லாவற்றுக்கும் "சரிண்ணே" என்று சொன்னார்.

சொன்ன தேதிக்கு வேன் புறப்பட்டது. மெழுகுத்தாளை உருவ மறந்த சில பிரதிகள் விருதுநகர்ச் சுவர்களில் தொங்கியிருக்கலாம். அவற்றைப் பற்றிப் புகார் வரவில்லை. முதலாளியிடமிருந்து, சரக்கு இறங்கியது என்ற ஒரே வரிச் செய்தி வந்தது. பெண்கள் அதைக் கேட்டுக் கைதட்டினார்கள். என் உரைக்கு அவர்கள் கைதட்டியிருக்கவில்லை என்பதை அப்போது கவனித்தேன்.

அன்று மாலையே பள்ளி ஒன்றின் டைரி வேலை வந்தது. பாடவேளை அட்டவணை, தேர்வு நாள், விடுமுறை என்று பக்கத்துக்குப் பக்கம் வழுக்கக்கூடிய வேலை. இம்முறை அம்மா ஒவ்வோர் எழுத்தையும் தாமே பார்ப்பார், சித்தப்பாவைப் பசைச் சட்டியோடு நிறுத்திவிடுவார் என்று உறுதியாக நம்பினேன். நியாயமும் அதுவே என்று எனக்குத் தோன்றியது. சித்தப்பா வண்ணத்தில் எடுத்த புரூஃபைக் கொண்டுவந்து அம்மா முன் நீட்டினார்.

"ஒரு தடவ நீங்க பாத்துருங்க மதினி."

அம்மா அதை வாங்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, சேலையில் ஒட்டிய காகிதத் துணுக்குகளைத் தட்டிவிட்டார்.

"நீங்க பாத்துட்டீகள்ல தம்பி? அச்சுக்கு விடுங்க."

சித்தப்பா அந்தத் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விளக்கடியில் போய் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்கினார். இவ்வளவு நடந்த பிறகும் அம்மா ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லையே என்று எனக்குக் கோபமாக வந்தது. பாவம், களைத்துப் போயிருக்கிறார் என்று தீர்மானித்துக்கொண்டு, அவர் செருப்பைத் தேடிக் கொடுத்து வீட்டுக்கு அழைத்துப் போனேன்.