மீன்காரி செல்வம்மாளின் இங்கிலீஷ்

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கட்டிய கோட்டையைச் சில வருடம் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்தபோது, அங்கிருந்த அதிகாரிக்குத் துபாஷியாக வாய்த்தவள் மீன்காரி செல்வம்மாள். சென்னப்பட்டணத்து வெள்ளைக்கார வீடுகளில் மீன் விற்றே இங்கிலீஷ் கற்றவள்.

முதல் நாளே சிக்கல். அதிகாரி சொல்லச் சொல்ல அவளும் கூடவே தமிழில் சொன்னாள். "பெட்டிங்கள கொண்டு போங்க, தீவுக்கு" என்றதுமே படகுகள் கிளம்பிவிட்டன. "அண்ட் டு த சர்ச், அண்ட் டு த ஃபோர்ட்" என்று அதிகாரி தொடர்ந்தது காற்றோடு போயிற்று. தேவாலயத்துப் பெட்டியும் கோட்டைப் பெட்டியும் தீவிலேயே இறங்கின.

"இன்னா செல்வம்மா, தீவுக்குனுதானே சொன்ன?" என்றான் படகோட்டி நீலமேகம்.

"அவங்க பேச்சுல வேலைய முதல்லயே சொல்லிடறாங்கண்ணே. எங்கெங்கன்றது 'அண்ட்', 'அண்ட்'னு பின்னாடி வருது. நாம தீவுக்கும் கோட்டைக்கும்னு எல்லாத்தையும் சொல்லிட்டுதான் 'போ'ன்றோம். இனிமே அந்தாளு வாய மூடுற வரைக்கும் யாரும் நகராதீங்க."

மறுநாள் தலையில் பெட்டிகளோடு ஆறு பேர் வெயிலில் நின்றார்கள். "டு த சர்ச் அண்ட் டு த..." என்று இழுத்த அதிகாரி மீதியை மறந்து, தாடையைச் சொறிந்தபடி ஏரியைப் பார்த்தார். வாக்கியம் முடியவில்லை. ஒருவரும் அசையவில்லை. கழுத்துகள் நடுங்கத் தொடங்கின.

செல்வம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஷேட்!" என்று தானே முடித்துவிட்டு, "நிழலுக்கும் போங்கடா!" என்று புன்னைமரத்தைக் காட்டினாள்.

அதிகாரி திகைத்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அன்று முதல் அவர் 'அண்ட்' என்று இழுத்தாலே ஆறு பேரும் ஆசையோடு செல்வம்மாளின் முகத்தைப் பார்த்தார்கள்.